தோட்டக் குளம் முதல் கழிமுகம் வரை: ஆழமானி அளவுத்திருத்த அனுபவம்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களின் நீர்த்தேக்கங்களிலும் லங்காட் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் பல ஆண்டுகளாக 200, 33 கிலோஹெர்ட்ஸ் என இரட்டை அதிர்வெண்களில் இயங்கும் எக்கோ சவுண்டர் எனப்படும் ஒலி ஆழமானி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் திரையும் மின்கலமும் நன்றாகவே உழைக்கின்றன. எனினும், இத்தகைய கருவியை வாங்க எண்ணுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, படகில் இருந்தபடியே அதன் அளவைச் சரிபார்த்துத் திருத்த முடிகிறதா என்பதைத்தான்.

ஆழமானி ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. ஒலித்துடிப்பு அடித்தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, அதில் பாதியை ஒலியின் வேகத்தால் பெருக்கிக் காட்டுகிறது. என் கருவியின் தொடக்க அமைப்பில் அந்த வேகம் வினாடிக்கு 1500 மீட்டர். 30 டிகிரி வெப்பமுள்ள நன்னீரில் ஒலி ஏறத்தாழ 1509 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே வெப்பத்தில் ஆயிரத்துக்கு 30 பங்கு உப்பு கலந்த நீரில் அது சுமார் 1540 மீட்டராகிறது. ஆகவே, தொடக்க அமைப்பை மாற்றாமல் அளந்தால், உண்மையில் 10 மீட்டர் ஆழமுள்ள இடம் குளத்தில் 9.94 என்றும் கழிமுகத்தில் 9.74 என்றும் பதிவாகும்.

இதைத் திருத்த நான் நம்புவது தகட்டுச் சோதனையை. ஓர் உலோகத் தகட்டைச் சங்கிலியில் கட்டி, ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் உறுப்பான டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே, நீர்மட்டத்திலிருந்து 2, 4, 6 மீட்டர் எனத் தெரிந்த ஆழங்களில் இறக்கி, கருவி காட்டும் எண்ணை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நைலான் கயிறு நனைந்து இழுபடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லா ஆழத்திலும் பிழை ஒரே அளவாக இருந்தால், டிரான்ஸ்டியூசர் நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதற்குக் கொடுத்த எண்ணைத் திருத்த வேண்டும். ஆழம் கூடக் கூடப் பிழையும் வளர்ந்தால், ஒலிவேகத்தை மாற்ற வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியக் குறைந்தது இரண்டு ஆழங்களாவது தேவை என்பதால், ஒரே ஆழத்தில் சோதித்து நிறைவடைவதை நான் ஏற்பதில்லை. நீரோட்டம் வலுவாக இருந்தால் தகடு சாய்ந்து விலகிவிடும். ஆற்றில் பெருக்கும் வற்றும் மாறும் இடைவேளையே இதற்கு உகந்த நேரம். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் காற்றுக் குமிழிகள் ஒட்டாதிருக்க, சவர்க்கார நீரால் முன்னதாகத் துடைத்துவிடுவது நல்லது.

தளர்ந்த சேறு படிந்த குளங்களில் இரண்டு அதிர்வெண்களும் வேறுவேறு ஆழங்களைக் காட்டுவதைப் பிழை எனக் கொள்ளலாகாது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேற்றின் மேற்பரப்பிலேயே எதிரொலிக்க, 33 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதனுள் புகுந்து கெட்டியான அடுக்கிலிருந்து திரும்புகிறது. தூர்வார வேண்டிய சேற்றின் அளவை மதிப்பிட இவ்வேறுபாடு தோட்ட நிர்வாகத்துக்கு மிகவும் பயன்படுகிறது.

மீன்வள ஆய்வுக்கான சோனாரில் எதிரொலியின் வலிமையும் அளவிடப்படுவதால், 38.1 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கார்பைடு உருண்டையை ஒலிக்கற்றைக்குள் தொங்கவிட்டுத் திருத்துகிறார்கள். எங்கள் வேலைக்கு அது தேவைப்படவில்லை.

எனக்குள்ள ஒரே குறை, இக்கருவி நீர்மட்டம் முதல் அடித்தரை வரை ஒரே ஒலிவேகத்தையே ஏற்கிறது என்பதாகும். கழிமுகத்தில் உப்புநீரின் மேல் நன்னீர் படர்ந்து கிடக்கும்போது அந்த ஒற்றை எண் வெறும் சராசரியே. அங்கே தொடர்ந்து அளப்பவர்கள், ஆழத்துக்கு ஆழம் ஒலிவேகத்தைப் பதிவுசெய்யும் அளவியையும் சேர்த்து வாங்குவது அவசியம். குளங்களை மட்டும் அளப்பவர்களுக்குத் தகடும் சங்கிலியும் போதும்.