ஹூஸ்டனில் கல்லூரி ஸ்பானிஷ்: இரண்டு செமஸ்டரும் அதற்குப் பிறகும்

ஹூஸ்டனில் பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து கொண்டு ஸ்பானிஷ் தெரியாமல் ஒப்பேற்றுவது கஷ்டம். இங்கே வாக்குச்சீட்டே ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமியம், சீனம் என்று நான்கு மொழிகளில் வருகிறது. அதனால் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பாக ஸ்பானிஷ் முதல் நிலை, இரண்டாம் நிலை இரண்டையும் முடித்தேன். முடித்து வருஷங்கள் ஆகிவிட்டன. எது தங்கியது, எது ஓடிப்போனது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

பாடப்புத்தகம் ஆங்கிலம் பேசுபவரை மனதில் வைத்து எழுதியது. தமிழ்க்காரருக்கு அதில் சுலபமும் கஷ்டமும் இடம் மாறிக் கிடக்கும். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்ற வாக்கிய அமைப்புக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருந்தார்கள். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நமக்கு அது ‘எனக்குக் காபி பிடிக்கும்’, அவ்வளவுதான். வலியும் அப்படியே: ‘மே துயெலே லா கபேஸா’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. ‘என் தலை’ என்று சொல்லத் தேவையில்லை, தமிழைப் போலவே. நான் வேலையில் தினமும் கேட்பதும் இதைத்தான், தலைக்குப் பதில் பல். வினையின் விகுதியே யார் என்று சொல்லிவிடுவதால் ‘நான்’, ‘நீ’யை விட்டுவிடுவதும் நமக்குப் பழகியதே. தூ, உஸ்தெத் வேறுபாட்டை நீ, நீங்கள் என்று ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கொலம்பியாவின் பொகோத்தா பக்கம் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் போட்டுப் பேசுவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உச்சரிப்பிலும் நமக்கு லாபம். ப, த, க மூன்றையும் காற்று விடாமல் சொல்லச் சொல்லி மற்றவர்களை ஆசிரியை திருத்திக்கொண்டே இருந்தார். ‘பெரோ’ என்றால் ஆனால். ர-வை உருட்டினால் அது நாய். ர, ற இரண்டையும் இன்னும் பிரித்துப் பேசும் நாகர்கோவில்காரர்கள் இதில் முதல் வரிசை.

சரி, எங்கே அடி விழும்? பெயர்ச்சொல்லின் பாலில். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்று மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் ‘எல் ப்ரொப்ளேமா’ ஆண்பாலாக வந்து நிற்கும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆண்பாலுக்கு முன்னால் வரும் எல், பெண்பாலுக்கு முன்னால் வரும் லா, இவற்றைச் சேர்த்தே சொல்லை மனதில் போட வேண்டும். அடுத்தது செர், எஸ்தார். ஆங்கிலத்தின் ‘to be’ ஒன்றுக்கு ஸ்பானிஷில் இந்த இரண்டு வினைகள். நிரந்தரமானதற்கு செர், தற்காலிகத்துக்கு எஸ்தார் என்று புத்தகம் பெட்டி கட்டிச் சொல்கிறது. அந்த விதிப்படி பார்த்தால் இறந்துபோனவருக்கு செர் வர வேண்டும். வருவதோ எஸ்தார்: ‘எஸ்தா முயெர்தோ’, அதாவது இறந்துவிட்டார். எனக்கு அந்த விதி உதவியதைவிடக் குழப்பியதே அதிகம். செர் போட்டு ‘எஸ் அபுரிதோ’ என்றால் ஆள் போரடிப்பவர், எஸ்தார் போட்டு ‘எஸ்தா அபுரிதோ’ என்றால் அவருக்கு போரடிக்கிறது. இப்படி ஜோடி ஜோடியாகப் படித்த பிறகுதான் வழி தெரிந்தது.

ஆன்லைன் வீட்டுப்பாடத் தளத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தின் மேலே ஒரு கோடு விட்டுப்போனாலும் முழு விடையும் தப்பு.

கலாச்சாரப் பகுதி பாதிக்கு மேல் சுற்றுலாக் கையேடுதான்: ஸ்பெயினில் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல், இந்த மாதிரி. நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் மெக்சிகோவின் இறந்தோர் நாளுக்கு மட்டும் ஆசிரியை வகுப்பிலேயே படையல் வைத்தார். படம், மெழுகுவர்த்தி, ரொட்டி, துலுக்கச் சாமந்தி. அந்தப் பூவின் பூர்வீகமே மெக்சிகோ பக்கம்தான். இந்த விழா 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் வேலையில் எனக்குக் கைகொடுத்தது ஒரு பக்க ஓரத்துக் குறிப்பு: இரண்டு குடும்பப் பெயர்கள். ரஃபேல் நடால் பரேராவில் நடால் அப்பா வழி, பரேரா அம்மா வழி. அமெரிக்கக் கணினி கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கோப்பைத் தொலைத்துவிடும். (இனிஷியலோடு இங்கே வந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.) இப்போது இரண்டு பெயரிலும் தேடிப் பார்க்கிறேன்.

பேச்சு? அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பள்ளி, ஆங்கிலம் பேசுபவருக்கே ஸ்பானிஷுக்கு ஏறக்குறைய 600 முதல் 700 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு செமஸ்டரில் அதில் கால்வாசிகூடத் தேறாது. சந்திப்பு நேரம் சொல்லவும், காப்பீட்டு அட்டை கேட்கவும், எந்தப் பல் என்று விசாரிக்கவும் திணறலில்லை. தொலைபேசியில் எல் சால்வதோர்காரர் வேகமாகப் பேசினால் இன்னும் தடுமாற்றம்தான். அவர்கள் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ என்பார்கள், ‘ஸ்’ஸைப் பாதி விழுங்குவார்கள். ஹூஸ்டனில் இவ்வளவு சால்வதோர்காரர்கள் இருந்தும் வோஸுக்கு எங்கள் புத்தகத்தில் கிடைத்தது அடிக்குறிப்பில் ஓரிடம்.

சேர்வதென்றால் நேரடி வகுப்பாகப் பாருங்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லாவிட்டால் அவர்களோடு ஒரே தேர்வு எழுத நேரும். புத்தகம் பழைய பதிப்பே போதும். வீட்டுப்பாடத் தளத்துக்கான நுழைவுக் குறியீட்டை மட்டும் புதிதாகத்தான் வாங்கியாக வேண்டும்.