பழகின கட்சியா, சின்னக் கட்சியா: வைத்தியசாலைக்காகப் போட்ட ஒரு புள்ளடி

பிரித்தானியாவில் இருபது வருடமாக லேபர் கட்சிக்கே புள்ளடி போட்டு வந்த நான், 2024 யூலை 4ஆம் திகதி வேறொரு பெயருக்கு நேரே போட்டேன். எங்கள் பகுதியில் சுயேச்சையாக நின்ற ஓய்வுபெற்ற தாதி ஒருவருக்கு. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். என் அளவுகோல் என்.எச்.எஸ். என்கிற தேசிய சுகாதார சேவை ஒன்றுதான். வரி, குடிவரவு, காஸா என்று பார்த்து வாக்களித்தவர்களின் கணக்கு வேறு. அதில் நான் கை வைக்கவில்லை. சொல்வதும் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சுகாதாரம் அங்கங்குள்ள அரசுகளின் பொறுப்பு.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்க, லேபருக்காக வாக்குக் கேட்டு ஒரு தமிழ்த் தம்பி வந்தார். கையில் கிளிப்போர்ட், அதில் எங்கள் தெருவின் பெயர்ப் பட்டியல். "அக்கா, நீங்கள் எங்கட ஆக்கள்தானே?" என்று கேட்டார். அம்மா உள்ளேயிருந்து "ஓம் தம்பி, எப்பவும்" என்றா. இரண்டு பெயருக்கும் ஒரே இழுப்பில் சரி போட்டுவிட்டு ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தந்துவிட்டுப் போனார். அரை நிமிடமும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாசலில் பத்து நிமிடம் நின்றார். குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கிற சாட்டில் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின மாரிகாலம் அம்மா குளியலறையில் விழுந்து, அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதையில் ட்ரொலியில் 11 மணித்தியாலம் கிடந்தா. சுவரில் செலோடேப்பால் ஒட்டிய தாளில் 'கொரிடோர் 7' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அதுதான் அம்மாவின் முகவரி. தாதிகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள், அவர்களில் ஒரு குறையும் இல்லை. சொல்லவேண்டியது நிறைய இருந்தது. கேட்க வந்தவர் சரி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

லேபரோடு நிற்பதற்கான நியாயங்களை எல்லோரும் அறிவார்கள். 1948 யூலை 5ஆம் திகதி என்.எச்.எஸ்ஸைத் தொடக்கியவர் அனைரின் பெவன். பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தது தன் கட்சி அரசு என்றபோது 1951இல் பதவியையே விட்டார். 2002இல் லேபர் நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் தேசியக் காப்புறுதியை ஒரு சதவீதம் கூட்டி அந்தக் காசை வைத்தியசாலைகளுக்குக் கொடுத்தார்; காத்திருப்போர் பட்டியல் மளமளவென்று குறைந்ததை இங்கே இருந்தவர்கள் கண்ணால் கண்டோம். பணப்பெட்டியின் திறப்பு ஆளும் கட்சியிடம்தான் இருக்கும், சுயேச்சையிடம் இருக்காது. எங்கள் வீட்டில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. அம்மா வந்த புதிதில் குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒஃபிஸுக்குக் கடிதம் எழுதித் தந்த எம்.பி. லேபர்காரர். பொதுநலவாய நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டோடேயே வாக்களிக்கலாம் என்று சொல்லித் தந்ததும் அவருடைய அலுவலகம்தான். அம்மாவுக்கு லேபர் செஞ்சோற்றுக்கடன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்சர்வேட்டிவ் என் கணக்கிலேயே இல்லை: அவசரப் பிரிவுக்கு வருபவர்களை நான்கு மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிக்கிற இலக்கு கடைசியாக எட்டப்பட்டது 2015 யூலையில், அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஆண்டவர்கள் அவர்கள்தான். பசுமைக் கட்சி கேட்பதெல்லாம் எனக்கும் பிடிக்கும், ஆனால் எங்கள் பகுதியில் அவர்களுடைய ஒரு முகத்தையும் கண்டதில்லை. றிபோம் கட்சிக்காரர் ஃபராஜ் வேறு வகை நிதி ஏற்பாடுகளுக்குக் கதவைத் திறந்து வைத்துப் பேசுகிறார், அது எனக்குப் பயம். லிபரல் டெமோகிரட்ஸ் 2012இல் கன்சர்வேட்டிவ் அமைச்சர் லான்ஸ்லியின் சுகாதாரச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்கள், மறக்கமாட்டேன். ஆனால் 2021 டிசம்பரில் வட ஷ்ரொப்ஷயர் இடைத்தேர்தலில், அம்புலன்ஸ் வரப் பல மணித்தியாலம் ஆகிறது என்பதையே வாசலுக்கு வாசல் பேசி, கன்சர்வேட்டிவின் ஏறக்குறைய 23,000 வாக்குப் பெரும்பான்மையை அவர்கள் கவிழ்த்ததையும் மறக்கமுடியாது.

சுகாதாரத்துக்கென்றே நிற்கிற சின்னக் கட்சிகளுக்கு உரைகல் கிடர்மின்ஸ்டர். வூஸ்டர் நகரில் தனியார் முதலீட்டில் பெரிய வைத்தியசாலை கட்ட ஏற்பாடானது. அதனோடு சேர்ந்து சுமார் 15 மைல் தள்ளியிருக்கும் கிடர்மின்ஸ்டரின் உள்நோயாளர் விடுதிகளும் அவசரப் பிரிவும் போகவேண்டும் என்று முடிவானது. 2000ஆம் ஆண்டு அவசரப் பிரிவு மூடப்பட்டது. தொகுதி எம்.பி. டேவிட் லொக் லேபர்காரர், இளநிலை அமைச்சர் வேறு. அரசின் முடிவோடு நின்றார். அந்த வைத்தியசாலையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற வைத்தியர் ரிச்சர்ட் ரெய்லர் 2001இல் அவருக்கு எதிராக நின்றார். ரெய்லருக்கு 28,487 வாக்கு, லொக்குக்கு 10,857. லேபர் தலைவர் பிளேயர் நாட்டையே அள்ளிக்கொண்டு போன அதே இரவில் இது நடந்தது.

சின்னக் கட்சிப் பக்கம் நிற்கிற எங்கள் ஆட்கள் இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் சொல்லவேண்டும். ரெய்லர் 2005இலும் வென்றார், குறைந்த வித்தியாசத்தில். 2010இல் லிபரல் டெமோகிரட்ஸும் ஆள் நிறுத்த, கன்சர்வேட்டிவிடம் தோற்றார். ஒன்பது வருடம் பாராளுமன்றச் சுகாதாரக் குழுவில் இருந்து நல்ல கேள்விகள் கேட்டார். கிடர்மின்ஸ்டருக்குச் சிகிச்சை நிலையமும் சிறு காயங்களுக்கான பிரிவும் கிடைத்தன, ஆனால் அவசரப் பிரிவு திரும்பி வரவேயில்லை. அவர் 2012இல் சேர்ந்து தொடக்கிய நஷனல் ஹெல்த் ஆக்சன் கட்சி நாடு முழுவதும் பரவவும் இல்லை. அந்தக் கட்சி சார்பில் 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹண்டின் தொகுதியில் நின்ற வைத்தியர் லூயிஸ் அர்வின் 20 சதவீதம் எடுத்து இரண்டாவதாக வந்ததுதான் பிறகு சொல்லக்கூடிய பெரிய விசயம்.

அப்படியானால் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தேன்? ஆசனத்தைப் பார்த்து அல்ல, பெரும்பான்மையைப் பார்த்து. எத்தனை வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அவர் எங்களை நினைக்கிற தூரம். இது என் ஊகம் மட்டும் அல்ல. புளூம், ப்ரொப்பர், சைலர், வான் ரீனன் என்ற நான்கு பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளை எடுத்துப் பார்த்தார்கள். இழுபறித் தொகுதிகளில் வைத்தியசாலை மூடப்படுவது குறைவு என்பதுதான் அந்த ஆய்வு நிற்கிற அத்திவாரமே. கிடர்மின்ஸ்டர் கதை அதிலும் வருகிறது. ஒரு வைத்தியசாலையை மூடப்போய் ஓர் அமைச்சர் ஆசனத்தைப் பறிகொடுத்தால், அடுத்த ஊரின் கோப்பைத் தூக்குகிற கை கொஞ்சம் தயங்கும். கிடர்மின்ஸ்டர்காரர் போட்ட வாக்கின் பலனை அவர்கள் அனுபவிக்கவில்லை. பெயர் தெரியாத வேறு ஊர்க்காரர் அனுபவித்திருப்பார்கள்.

2024இல் லேபர் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு 411 ஆசனம் எடுத்தது. வெளியே பார்த்தால் மலை, கிட்டப்போய்ப் பார்த்தால் பல இடத்தில் மணல். அந்தத் தேர்தலோடு சுகாதார அமைச்சரானவரை எண்ணும்போது எனக்கு முதலில் நினைவு வருவது இல்ஃபோர்ட் நோர்த்: அன்று வெஸ் ஸ்ட்ரீற்றிங் அங்கே வென்றது 528 வாக்கால், எதிரே நின்றது ஒரு சுயேச்சை. அங்கே பேசுபொருள் வைத்தியசாலையை விடக் காஸாதான், அதை என் பக்கச் சான்றாக இழுக்க மாட்டேன். ஆனால் விசுவாசமான தொகுதி என்று எதுவும் நிரந்தரம் இல்லை என்பதற்கு அது போதும்.

என் வாதம் ஆட்டம் காண்கிற இடம் லண்டனின் லூவிஷம். லேபருக்கு அசையாத பகுதி அது, வாக்குப் பயமுறுத்தலுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் அங்குள்ள வைத்தியசாலையின் சேவைகளைக் குறைக்கும் திட்டத்துக்கு எதிராக 2013இல் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள், பிறகு வழக்குப் போட்டார்கள். ஹண்டுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லி வைத்தியசாலையைக் காப்பாற்றின. அந்தப் போராட்டத்தின் தலைமையில் நின்றவரும் அதே லூயிஸ் அர்வின்தான். வாக்கால் ஹண்டை அசைக்க முடியாதவர் வழக்கால் அசைத்தார். ஆக, புள்ளடி ஒன்றுதான் வழி என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். என் அனுபவமும் ஒரே ஒரு தேர்தல்.

அந்த ஒன்றின் விளைவையும் மறைக்கவில்லை. எங்கள் தாதியம்மாவுக்கு 5 சதவீதம் வரவில்லை. 500 பவுண்ட் கட்டுப்பணமும் போனது. லேபர்தான் வென்றது, ஆனால் பெரும்பான்மை பாதிக்கு மேல் உதிர்ந்தது. அதில் எங்கள் பங்கு கொஞ்சம், மற்றக் கட்சிகளுடையது நிறைய. வாரத்துக்கு 40,000 கூடுதல் சந்திப்புகள் என்ற வாக்குறுதியில் புது அரசு முதல் வருட இலக்கைத் தாண்டியது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலை எட்டு மணிக்குக் குடும்ப வைத்தியரான ஜீபிக்கு அடித்தால் "வரிசையில் நீங்கள் 23ஆவது" என்கிற குரல் மட்டும் எங்கள் வீட்டில் மாறவில்லை.

உள்ளூர்ச் சபைத் தேர்தல் கிட்ட வர, அதே தம்பி திரும்ப வந்தார். "இந்த முறை எப்படி, அக்கா?" என்று கேட்டார். "இன்னும் யோசிக்கவில்லை" என்றேன். பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு, என்ன பிரச்சினை என்று கேட்டார். கொரிடோர் 7இல் தொடங்கினேன். அம்மா வழக்கம்போல உள்ளேயிருந்து "நான் உங்களுக்குத்தான் தம்பி" என்றா. அவர் அந்தப் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "எத்தனை மணித்தியாலம் என்றீர்கள், அக்கா?" என்று என்னிடம் கேட்டு எழுதினார்.