பேட்டரி எந்தப் பக்கம்? சூரிய மின்பூங்காவில் டி.சி. இணைப்பும் ஏ.சி. இணைப்பும்

ஊரகப் பகுதியில் பெரிய சூரிய மின்பூங்கா அமைக்க வருபவர்களுக்கு நிலமும் வெயிலும் கிடைத்துவிடுகின்றன. எளிதில் கிடைக்காதது மின்தொடரில், அதாவது மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பி வலைப்பின்னலில் (கிரிட்), இடம். 100 மெகாவாட் பூங்காவுக்கு ஏறத்தாழ 200 ஹெக்டேர் நிலம் வேண்டும் என்பதால்தான் அவர்கள் ஊரைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் அங்குள்ள மின்கம்பிகள் சில ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுவரப் போடப்பட்டவையே அன்றி, அங்கிருந்து மின்சாரத்தை அள்ளிச் செல்வதற்காகப் போடப்பட்டவை அல்ல. நண்பகலில் மிஞ்சுவதைச் சேமித்து மாலையில் அனுப்பப் பேட்டரி வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பேனலின் நேர்மின்சாரத்தை (டி.சி.) மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாற்றும் இன்வெர்ட்டருக்கு முன்னால் அதை வைப்பதா (டி.சி. இணைப்பு), பின்னால் வைப்பதா (ஏ.சி. இணைப்பு) என்பதில்தான் வழக்கு.

டி.சி. இணைப்பில் பேனல்களும் பேட்டரியும் ஒரே இன்வெர்ட்டரைப் பகிர்ந்துகொள்கின்றன. பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரம், மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் ஒரு கன்வெர்ட்டர் வழியாக நேரே பேட்டரிக்குள் போகிறது; வெளியே வரும்போது மட்டும் ஒருமுறை மாறுமின்சாரமாகிறது. ஏ.சி. இணைப்பில் பேட்டரிக்குத் தனி இன்வெர்ட்டரும் தனி மின்மாற்றியும் உண்டு. இரண்டும் பூங்காவின் துணை மின்நிலையத்தில்தான் சந்திக்கின்றன. ஆகவே சேமிக்கப்படும் ஒவ்வோர் அலகும் மூன்று முறை இன்வெர்ட்டரைக் கடக்க நேரிடுகிறது. ஒருமுறை கடப்பதில் இழப்பு இரண்டு விழுக்காடு அளவே என்றாலும், மின்மாற்றி இழப்பையும் சேர்த்து, பூங்காவின் ஆயுட்காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் அது புறக்கணிக்கத்தக்க தொகை அல்ல.

டி.சி. பக்கம் பேசுவோரின் முதன்மையான வாதம் இழப்பைப் பற்றியது அல்ல, வெட்டுப்படும் மின்சாரத்தைப் பற்றியது. காலையிலும் மாலையிலும் உற்பத்தி போதாமல் போகக்கூடாது என்பதற்காக, 100 மெகாவாட் இன்வெர்ட்டர்களுக்கு 130 அல்லது 140 மெகாவாட் பேனல்களைப் பொருத்துவது இத்துறையில் வழக்கம். தெளிவான நாளின் நண்பகலில் அந்தப் பேனல்கள் 120 மெகாவாட் தரும் நிலையில் இருந்தால், 20 மெகாவாட்டை இன்வெர்ட்டர் ஏற்காமல் விட்டுவிடும். மூன்று மணி நேரம் இப்படி நீடித்தால் 60 மெகாவாட் மணி கைநழுவும். பேட்டரி இன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்தால் அத்தனையும் அதற்குள் போய்ச்சேரும். வாதம் சரியானதே, ஆனால் விற்பனையாளர்கள் இதைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டரின் வரம்பு வேறு, மின்தொடரின் வரம்பு வேறு. பூங்காவுக்கு 100 மெகாவாட் அனுப்பத்தான் அனுமதி என்றால், ஏ.சி. வடிவமைப்பில் பேனல்களுக்கு 120 மெகாவாட் இன்வெர்ட்டர்களைப் பொருத்தி, மிகையாக வரும் 20 மெகாவாட்டைப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே பேட்டரிக்குத் திருப்பிவிடலாம். அப்போது டி.சி.யின் சாதகம், கூடுதல் இன்வெர்ட்டர்களின் விலையும் சில விழுக்காடு இழப்பும் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும்.

எதிர்த்தரப்பின் வாதமும் இதேபோல் சுருங்கக்கூடியதுதான். ஒரே இன்வெர்ட்டரைப் பகிர்வதால் பேனல்கள் முழு வீச்சில் இயங்கும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் அனுப்ப முடியாது என்று ஏ.சி. தரப்பினர் குறை கூறுவார்கள். நகரத்தை ஒட்டிய வலுவான துணை மின்நிலையத்தில் அது உண்மையான குறை. தொடரே 100 மெகாவாட்டுக்கு மேல் தாங்காத ஊரகத்திலோ, தனி இன்வெர்ட்டர் இருந்தாலும் அந்த நேரத்தில் அனுப்ப வழி இருக்காது. மறுக்க முடியாத குறை ஒன்று உண்டு: பகிர்ந்த இன்வெர்ட்டர் பழுதானால் அந்தப் பகுதியின் பேனல்களும் பேட்டரியும் ஒருசேர முடங்கும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பூங்காவுக்கு விவாதம் தேவையில்லை, ஏ.சி. இணைப்பே பொருத்தம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கன்னவாரா சூரிய மின்பூங்காவோடு 25 மெகாவாட், 50 மெகாவாட் மணி பேட்டரி பின்னர் சேர்க்கப்பட்டது இதற்கு எடுத்துக்காட்டு. மாறாக, மேற்கு ஆஸ்திரேலியாவின் கன்டர்டினில் தொடக்கத்திலேயே பேனல்களையும் 55 மெகாவாட், 220 மெகாவாட் மணி பேட்டரியையும் டி.சி. பக்கத்தில் இணைத்துத் திட்டமிட்டார்கள்.

வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரியும் இந்த வேறுபாடு, நிலத்தில் இறங்கியதும் ஊராருக்கும் தெரியும் ஒன்றாகிவிடுகிறது. இன்றைய 20 அடி கன்டெய்னர் ஒன்று ஏறத்தாழ 5 மெகாவாட் மணி கொள்ளும். 200 மெகாவாட் மணிக்கு 40 கன்டெய்னர்கள் வேண்டும். ஏ.சி. முறையில் அவை துணை மின்நிலையத்தை ஒட்டிய ஒரே வளாகத்தில் வரிசையாக நிற்கும். டி.சி. முறையில் இன்வெர்ட்டர் மேடை ஒவ்வொன்றின் அருகிலும் ஒன்றிரண்டாக, வயல்வெளி முழுவதும் பரவி நிற்கும். குளிரூட்டும் விசிறிகளின் ஓயாத இரைச்சலைத் தடுக்க, முதல் முறையில் வீடுகளுக்கு எட்டாத மூலையைத் தேர்ந்து ஒரு சுவர் எழுப்பினால் போதும்; இரண்டாவதில் ஒவ்வொரு மேடைக்கும் தூரம் பார்க்க வேண்டும்.

தீயைப் பொறுத்தவரை தராசு இரு பக்கமும் சாய்கிறது. 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியன் பிக் பேட்டரி என்ற சேமிப்பு நிலையத்தில், குளிரூட்டும் திரவக் கசிவால் ஒரு மெகாபேக்கில் (டெஸ்லாவின் பேட்டரிப் பெட்டி) பற்றிய தீ அடுத்திருந்த இன்னொன்றுக்கும் பரவியது; 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில், ஒரே கட்டடத்துக்குள் அடுக்கியிருந்த நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் பேட்டரிகள் எரிந்து, சுற்றுவட்டார மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. பரவி நிற்கும் கன்டெய்னர்களில் தீ ஒன்றோடு நின்றுபோக வாய்ப்பு அதிகம். ஆனால் தீயணைப்பு வண்டி அந்த ஒன்றைச் சென்றடைய, மழைக்காலத்திலும் தாங்கும் பாதை ஒவ்வொரு மேடைவரைக்கும் இருக்க வேண்டும், தண்ணீரும் வேண்டும். வெப்பத்தை மேலும் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைத் தேர்வது இரு முறைகளுக்கும் பொதுவான கடமை. அதில் பேரம் கூடாது.

பேட்டரியின் கொள்ளளவு முதல் ஆண்டுகளில் சற்று வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறையும் என்பதால், சில ஆண்டுகளில் புதிய கன்டெய்னர்களைச் சேர்க்க வேண்டிவரும். ஏ.சி. வளாகத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டால் அதற்குப் போதும். டி.சி. முறையில் ஒவ்வொரு மேடையிலும் இடம் விட வேண்டும். அந்த இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கியவர்கள் தப்பித்தார்கள்.

என் கணிப்பில், புதிதாகத் தொடங்கும், தொடர் மெலிந்த ஊரகப் பூங்காவுக்கு டி.சி. இணைப்பே முந்துகிறது. இதை மாற்றக்கூடிய கேள்வி ஒன்றே: மின்தொடரிலிருந்து உள்ளே மின்சாரம் எடுத்துக்கொள்ள எவ்வளவு அனுமதி கிடைக்கும்? ஏ.சி. முறையின் பெரும் வருவாய், இரவில் தொடரிலிருந்து மலிவாக நிரப்பிக்கொள்வதிலும் தொடரின் அதிர்வெண்ணைச் சீராக்கும் சேவையிலும் இருக்கிறது. இருவழி இன்வெர்ட்டர் போட்டால் டி.சி. முறையிலும் நிரப்பலாம் என்றாலும், அதையே தொழிலாகக் கொள்ள ஏ.சி. அமைப்பே வசதி. இணைப்பு ஒப்பந்தத்தில் வெளியே அனுப்பும் வரம்பைப் பெரிய எழுத்தில் படிப்பவர்கள், உள்ளே எடுக்கும் வரம்பைப் பெரும்பாலும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அது, விளக்கும் அலுவலகமும் ஓடுவதற்கான சில நூறு கிலோவாட்டாக மட்டும் இருந்தால், ஏ.சி. பேட்டரியும் வெயிலை மட்டுமே நம்பி நிற்கும். கூடுதல் இன்வெர்ட்டர்களுக்குக் கொடுத்த பணம் எதற்கு என்று கணக்குப் புத்தகம் கேட்கும்.