காசு கொடுத்துப் பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது, ஜேர்சி போலி

பல்லேகலைக்கு கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போகும் தம்பிக்கு இலங்கை அணியின் ஜேர்சி வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன். "ஹட்டன்ல தொங்குறதெல்லாம் கொப்பி அக்கா, வாங்கினா ஒரிஜினல்தான்" என்றான்.

பேஸ்புக் பக்கம் ஒன்றில் நூறு வீதம் ஒரிஜினல் என்று போட்டு 4,500 ரூபாய்க்கு விற்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த நேரம் அது. அம்மா மூன்று நாள் கொழுந்து எடுத்தாலும் அந்தக் காசு தேறாது. பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்றார்கள். அப்படியென்றால் ஏமாற்ற வழியே இல்லை என்று நினைத்தேன். என் பிழை அதுதான்.

தோட்டத்துக்குள் குரியர் வண்டி வராது. மழையில் சந்தியில் நின்று வாங்கினேன். காசைக் கொடுத்த பிறகுதான் பிரிக்கலாம் என்றார் கொண்டுவந்தவர். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு இட்ட வேலை அவ்வளவுதான். ஆனால் கையில் வாங்கிப் பார்த்துக் காசு கொடுப்பது வேறு, மூடிய பையைப் பார்த்துக் கொடுப்பது வேறு.

பெரியக்கா கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸ் வேலை. ஜேர்சியைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. ஓரம் மடித்துத் தைத்தது கோணல், அக்குளில் நூல் பிசிறு, எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் லேபிளே இல்லை. உலகம் முழுக்கப் போகும் உடுப்பைத் தைக்கிற கைகள் அவை. அவளுக்கு வந்த கோபம் எனக்கு வந்ததை விடப் பெரியது.

தம்பி ஒன்றும் சொல்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனான். மழையில் நனைந்து வந்தபோது கழுத்தெல்லாம் நீலம். நெஞ்சிலிருந்த சின்னம் முதல் துவைப்பிலேயே உரிந்தது.

மைதானத்துக்கு வெளியே மலிவாக விற்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தருவது கொப்பி என்று வாங்குபவனுக்கும் தெரியும். இவர்களோ ஒரிஜினலின் படத்தைக் காட்டி, அதன் விலையையும் வாங்கிவிட்டார்கள். கேட்டதும் என்னை பிளொக் செய்தார்கள். அடுத்த வாரம் அதே படங்கள் வேறு பெயரில் ஓடின.

முகவரி போடாத பக்கத்தில் வாங்காதீர்கள். வாங்கியே ஆகவேண்டும் என்றால் குரியர் துண்டை வீசாதீர்கள், பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பக்கம் மறைவதற்குள் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துவையுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு வந்த குரியர் துண்டில் அனுப்பியவர் பெயர் பக்கத்தின் பெயராக இல்லை. என் முறைப்பாட்டில் அதையும் எழுதி நேற்று தபாலில் சேர்த்தேன்.