கதவோரம் ஓடுற ரெயில் எதுக்கு? ஷார்ஜாவுல இருந்து ஒரு ரிவ்யூ

ஆஃப்ரோடு (ரோடு இல்லாத மணல், மலைல வண்டி ஓட்டுற) குரூப்ல யாராவது "வண்டிக்கு வெளிய சைடு ரெயில் (சாமான் மாட்டற உலோகப் பட்டை) போடலாமா"ன்னு கேட்டா போதும், உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிரும், ஒண்ணு "லுக் செம்மயா இருக்கும் போடு"ங்கும், இன்னொன்னு "தண்டச் செலவு, அந்தக் காசுல ரெண்டு டயர் வாங்கு"ங்கும். நான் இருக்கறது ஷார்ஜாவுல, கைல இருக்கறது மூணு கதவு சுசுகி ஜிம்னி, கூடச் சுத்துற அண்ணன் (மதுரைக்காரர், எங்க செட்டுக்கே அவர் தான் மேஸ்திரி) வச்சிருக்கறது இனியோஸ் கிரெனடியர். ரெண்டையும் பதாயர், மலீஹா மணல்லயும் ஓமன் வாதிங்கள்லயும் (மலைக்கு நடுவுல காஞ்சு கிடக்கற ஆத்துப் படுகை) பாத்த வரைக்கும் எனக்குப் படறது இது தான்: கூரை ரெயில் வண்டி ஓடும்போது உதவுது, கதவோரம் இருக்கற ரெயில் வண்டி நின்னப்புறம் தான் உதவுது. இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு கதவு நிறைய சாமானைத் தொங்கவிட்டுட்டு ஓட்டுறவங்க தான் அப்புறம் "வேஸ்ட்"னு திட்டுறாங்க.

முதல்ல கிரெனடியர். 2022 அக்டோபர்ல பிரான்ஸ்ல ஹாம்பாக்ல தயாரிப்பு ஆரம்பிச்ச வண்டி, உள்ள பிஎம்டபிள்யூ 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், பேரு மட்டும் லண்டன்ல ஒரு பப்போட பேரு (குடிக்காத எங்க அண்ணன்கிட்ட போய் இந்த வண்டி சேந்திருக்கு பாருங்க). இதுல கதவோரமா இடுப்பு உயரத்துல ஒரு ரெயில் ஓடும், கம்பெனி அதை யூட்டிலிட்டி பெல்ட்ங்குது. கூரையில தனியா ரெயில், பட்டி எல்லாம் உண்டு, மேல லைட் மாட்டணும்னா அதுக்கு வயரிங் போட்டே எடுக்கலாம், தலைக்கு மேல சுவிட்ச் பேனல்ல பட்டனும் ரெடியா இருக்கும். எனக்கு இதுல பிடிச்ச விஷயம் அந்த ரெயில்கூட இல்ல, பின்னாடி எவனோ டிரில் எடுத்துட்டு வந்து கதவு தகட்டுல ஓட்டை போட வேண்டிய அவசியமே இல்லாம டிசைன் பண்ணும்போதே இடம் விட்டிருக்காங்க பாருங்க, அது தான்.

சரி, கேம்ப்ல இது என்ன பண்ணுது? நிறைய. சாயங்காலம் வண்டியை நிறுத்தி தார்ப்பாய் ஒண்ணை இழுத்துக் கட்டணும்னா ஒரு பக்கத்துக்கு கொக்கி மாட்ட இடம் கிடைக்குது, இல்லேன்னா கண்ணாடியை இறக்கி கயித்தை உள்ள விட்டு சீட்டுல கட்டுற சர்க்கஸ் தான். மடக்கு டேபிளோட ஒரு ஓரம் ரெயில்ல உக்காந்துக்கும், எல்இடி லைட்டு, குப்பைப் பை, கை கழுவ சின்ன தண்ணி டப்பா, காத்து அடிக்கற கம்ப்ரஸர் ஹோஸ்னு எல்லாம் மணல்ல விழாம தொங்கும். ஹோஸ் விஷயத்தைச் சும்மா நினைக்காதீங்க, மணல்ல இறங்கும்போது டயர்ல 15 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கிட்டு திரும்ப ரோட்டுக்கு வரும்போது நாலு டயருக்கும் ஏத்தணும், ஹோஸ் வாய்ல ஒரு தடவை மணல் போயிருச்சுன்னா அன்னைக்கு மூட் அவுட்டு.

ஓடும்போது கதவோரத்துல இருக்க வேண்டியதுன்னு நான் ஒத்துக்கறது மண்வெட்டி ஒண்ணு தான், அதுவும் சின்ன அலுமினிய மண்வெட்டி. வண்டி வயிறு மணல்ல உக்காந்துருச்சுன்னா முதல்ல தேவைப்படறது அது தான், டிக்கியில ஐஸ் பாக்ஸ், சேரு, பிரியாணி சட்டின்னு அடைச்சு வச்சுட்டு அடியில மண்வெட்டியைத் தேடுறது ரொம்பக் கொடுமை. "தம்பி ஷவல எடு"ன்னு அண்ணன் சொல்லி முடிக்கறதுக்குள்ள கைக்கு வரணும். மத்தபடி மேக்ஸ்ட்ராக்ஸ் மாதிரி ரெக்கவரி போர்டையும் (புதைஞ்ச டயருக்கு அடியில போடற பலகை) சிலர் கதவுல மாட்டுறாங்க, வெயிட் கம்மி தான், ஆனா அகலம் ஜாஸ்தி, கண்ணாடியில பாக்கறதை மறைக்கும், எனக்கு இஷ்டமில்ல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். 20 லிட்டர் ஜெர்ரி கேன். ஃபோட்டோல எல்லாம் கதவு பக்கத்துல கம்பீரமா தொங்கும். தண்ணி மட்டுமே 20 கிலோ, கேன், ஹோல்டர் எல்லாம் சேத்தா 25ஐத் தொட்டுரும், இதைக் கதவுல மாட்டினா அந்த வெயிட்டு முழுக்க ரெண்டு கீலுல தான் நிக்குது, ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் அடி, மணல் ரோட்டுல அந்த வரி வரியா வர மேடு பள்ளம் மேல போகும்போது நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல அடி. தெரிஞ்ச ஒருத்தர் வண்டியில (என்ன வண்டி, எங்க மாட்டினாருன்னு சொல்ல மாட்டேன்) கதவு தொங்கிப்போய் தூக்கிச் சாத்தற நிலைமைக்கு வந்துருச்சு. பெட்ரோல் கேன்னா இன்னும் மோசம், 45 டிகிரி வெயில்ல உள்ள ஆவி அழுத்தம் ஏறும், அதோட பக்கவாட்டுல எவனாவது வந்து இடிச்சா முதல்ல நசுங்கப் போறது அது தான். பெட்ரோலைக் கதவுல தொங்கவிடாதீங்க, அவ்ளோ தான்.

இன்னொன்னு யாரும் யோசிக்கறதில்ல, இப்ப வர நிறைய வண்டிகள்ல சைடு ஏர்பேக்குக்கான பிரஷர் சென்ஸாரைக் கதவுக்குள்ளயே வச்சிருக்காங்க. கம்பெனி ரெயில் இல்லாத வண்டியில வெளிக்கடையில ஓட்டை போட்டு ரெயில் மாட்டினா தண்ணி, துருப்பிடிக்கற பிரச்சனையோட இந்தத் தலைவலியும் சேந்துக்கும். கடைக்காரன் "ஒண்ணும் ஆவாது பாய்"னு தான் சொல்லுவான்.

இந்த விஷயத்துல லேண்ட் ரோவர் டிஃபெண்டர்காரங்க பண்ணது புத்திசாலித்தனம்னு நினைக்கறேன். அவங்க வெளிப்பக்க பெட்டியைக் கதவுல மாட்டல, பின்னாடி கண்ணாடி இருக்கற பாடி பக்கத்துல மாட்டியிருக்காங்க, 24 லிட்டர் கொள்ளளவு, ஆனா 17 கிலோவுக்கு மேல வைக்காதேன்னு எழுதியே குடுக்கறாங்க. பூட்டும் இருக்கு, ஈர டவல், மணல் பிடிச்ச கயிறு எல்லாம் உள்ள வராம வெளியவே போட்டுக்கலாம். பாக்க முதுகுல பை மாட்டுன ஸ்கூல் பையன் மாதிரி இருக்கும், அது வேற விஷயம்.

அகலம்னு சொன்னேன்ல, அது மணல்ல தெரியாது, ஓமன்ல வாதி பனி அவ்ஃப் மாதிரி மலைப்பாதைல தெரியும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், எதிர்ல லேண்ட் க்ரூஸர் வந்தா கண்ணாடியை மடக்கிட்டு உரசாம போறதே பெரிய விஷயம், அங்க கதவுல நீட்டிக்கிட்டு இருக்கற எதுவா இருந்தாலும் பாறைல தேய்க்கறதுக்குன்னே வச்ச மாதிரி. ரெயில் மட்டும் காலியா இருந்தா ஒண்ணும் இல்ல, சொல்லப்போனா சின்ன உரசலை அதுவே வாங்கிக்கும்.

கூரை ரெயிலுக்கு வரேன், இங்க தான் காசுக்கு உண்மையான மதிப்பு. ஆனா நம்பரைச் சரியா படிக்கணும். கிரெனடியர் கூரைக்கு ஓடும்போது 150 கிலோ, நிக்கும்போது 420 கிலோ. டிஃபெண்டருக்கு 168, 300. அந்தப் பெரிய நம்பரைப் பாத்து மயங்கக்கூடாது, அது நிறுத்திட்டு மேல டென்ட்ல ஆளு படுக்கறதுக்கு. ஓடறதுக்கான நம்பர் சின்னது தான், அதுலயும் ராக் (கூரை மேல மாட்டுற கேரியர்) வெயிட்டு சேந்து தான் கணக்கு, அதோட ராக் தயாரிக்கற கம்பெனிங்க சிலது ஆஃப்ரோடுன்னா இன்னும் மூணுல ஒரு பங்கு குறைச்சுக்கச் சொல்றாங்க. 150ல மூணுல ஒண்ணு போனா 100, ராக் 30, டென்ட் 60, மிச்சம் பத்து கிலோ, அதுல நீங்க ரெண்டு தண்ணி கேன் ஏத்தினா முடிஞ்சது கதை. மணல் மேட்டுல சரிவா குறுக்க போகும்போது மேல இருக்கற ஒவ்வொரு கிலோவும் வண்டியைக் கவுக்கத் தான் பாக்கும்.

நம்ம ஜிம்னிக்கு வாங்க. கூரை லிமிட்டு வெறும் 30 கிலோ. ஆனா கூரை ஓரத்துல பழைய ஸ்டைல் மழைத்தண்ணி ஓடை மாதிரி விளிம்பு இருக்கு, அதுல கிளாம்ப் போட்டு பார் (குறுக்குக் கம்பி) மாட்டிக்கலாம், ஒரு ஓட்டை வேண்டாம். நான் ரெண்டு பார், அதுக்கு மேல ஒரு சின்ன ஆனிங் (பக்கவாட்டுல இழுத்து விரிக்கற நிழல் துணி), அவ்ளோ தான் வச்சிருக்கேன். இந்த வண்டிக்கு பெரிய இரும்பு கேரியரைப் போட்டு சுத்துறவங்களைப் பாத்தா எனக்கு பாவமா இருக்கும், கேரியர் வெயிட்டே லிமிட்டைத் தின்னுருமே.

ரெயில்ல ரெண்டு மூணு ரகம் இருக்கு. எல் ட்ராக்னு ஒண்ணு, விமானத்துக்குள்ள சீட்டைத் தரையில பூட்ட யூஸ் பண்ற சமாச்சாரம், 25.4 மில்லிமீட்டருக்கு ஒரு வட்ட ஓட்டை, உள்ள ஸ்டட் (சாமானைப் பிடிக்கற சின்ன உலோகப் பூட்டு) விட்டு நகத்தினா லாக் ஆகிரும், கழட்டறது ரெண்டு செகண்ட் வேலை. இன்னொன்னு டி ஸ்லாட், நீளமா காடி (பள்ளம்), அதுல போல்ட்டு தலையை விட்டு நட்டு முறுக்கணும், இறுக்கமா நிக்கும், ஆனா ஸ்பேனர் வேணும். அடிக்கடி மாட்டிக் கழட்டறவங்களுக்கு எல் ட்ராக், ஒரே தடவை மாட்டிட்டு விட்டுடறவங்களுக்கு டி ஸ்லாட்.

மணல் ஊர்ல ரெண்டுக்குமே எதிரி பவுடர் மாதிரி மணல் தான். காடிக்குள்ள போய் உக்காந்துட்டு ஸ்டட்டை நகர விடாது. உடனே கிரீஸ், எண்ணெய்னு அடிக்காதீங்க, அது மணலைக் கூட்டிச் சேத்து உப்புத்தாள் மாதிரி ஆக்கிரும், பழைய டூத் பிரஷ்ஷால தட்டிட்டு, காத்து அடிச்சு, டிரை சிலிக்கான் ஸ்ப்ரே போட்டா போதும். இங்க கடல் காத்து ஈரம் வேற, அலுமினிய ரெயில்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டு மாட்டினா நாளாக நாளாக ரெண்டும் ஒட்டிக்கும், மாட்டும்போதே ஆன்டி சீஸ் பேஸ்ட்டு (போல்ட்டு ஒட்டிக்காம தடுக்கறது) கொஞ்சம் தடவிருங்க. ரெயில் காலியா இருக்கும்போது ஓட்டை வழியா காத்து போய் ஹைவேயில விசில் அடிக்கும், என் பார்ல அது 100ஐத் தாண்டினா ஆரம்பிக்கும், காடியை மூடற ரப்பர் பட்டி போட்டதும் நின்னுச்சு.

முல்கியா (வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு) விஷயம்: யுஏஇல மாடிஃபிகேஷனுக்கு அனுமதி இல்லாம பண்ணா பாஸிங்ல (ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கற வண்டி டெஸ்ட்) மாட்டுவீங்க. கம்பெனி ஆக்ஸசரியா பில்லோட இருந்தா பேச்சு சுலபம். இந்தியாவுல மஹிந்திரா தார், ஃபோர்ஸ் குர்கா வச்சிருக்கறவங்களும் இதே மாதிரி கேட்டுத் தான் பண்ணணும், 2017 டிசம்பர்லயே முன்னாடி மாட்டுற புல் பாரை மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைச் சொல்லி நிறுத்தச் சொன்னாங்கன்னு ஞாபகம் வச்சுக்குங்க, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற எதையும் போலீஸ் அந்தக் கண்ணோட தான் பாக்கும்.

வாங்கறதா இருந்தா முதல்ல கூரை ரெயில், அதுல ஆனிங், அதுக்கு மேல காசு இருந்தா கதவு ரெயில். ஸ்டட்டைத் தனியா சீப்பா வாங்கறவங்க ரெயிலோட சின்னத் துண்டு ஒண்ணைக் கடைக்கே எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க, ஓட்டை ஒரே அளவா தெரியும், ஆனா உதடு (ஓட்டையோட விளிம்பு) தடிமன் மாறுது, ஆடுற ஸ்டட்டு சத்தத்தோட ஹத்தா வரைக்கும் ஓட்டிப் பாருங்க தெரியும்.