எக்ஸ்86-ஆ, ஆர்மா?
கணினிச் சிப்கள் புரிந்துகொள்ளும் இரண்டு கட்டளை மொழிகள் இவை; ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் நேராக ஓடாது. 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 சிப்பின் வாரிசுதான் எக்ஸ்86. அதன் பலம் வேகத்தைவிட பழைய மென்பொருள்தான்; பல வருடத்துக்கு முந்தைய நிரல்கூட பெரும்பாலும் இன்னும் ஓடும்.

ஆர்மின் பலம் மின்சிக்கனம். 2020-இல் எம்1 என்ற ஆர்ம் சிப்போடு தொடங்கிய ஆப்பிள், 2023-க்குள் மேக் வரிசை முழுவதையும் ஆர்முக்கு மாற்றிவிட்டது. பழைய எக்ஸ்86 நிரல்களை ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் சமாளித்தது. சிப் வடிவமைப்பு, இயங்குதளம், கணினி மூன்றும் ஒரே கையில் இருந்ததால் அது முடிந்தது.

விண்டோஸ் உலகம் அப்படியா? 2012-இல் ஆர்ம் சிப்புக்காக வந்த விண்டோஸ் ஆர்டி பழைய நிரல்களை ஓட்டாமலே கவிழ்ந்தது. ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற ஆர்ம் சிப்போடு 2024-இல் வந்த லேப்டாப்களில், எக்ஸ்86 நிரல்களை ஓட்டித் தரும் பிரிசம் எமுலேட்டர் இருக்கிறது, சரி. ஆனால் பிரின்டர் போன்ற சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு அது உதவாது. பழைய பிரின்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க. அதே வருடம் இன்டெலின் எக்ஸ்86 சிப்பான லூனார் லேக்கும் பேட்டரி விஷயத்தில் ஆர்மை நெருங்கிவிட்டது.

என் கணிப்பு: பையில் போகும் லேப்டாப் மெல்ல ஆர்முக்கு நகரும். கேம் ஆடும் டெஸ்க்டாப் இப்போதைக்கு அசையாது.