ஏழு மாதமாக எங்கள் மேசையில் ஓர் ஆப்டிகல் ட்வீசர்ஸ் கிட்

எம்.எஸ்சி. இயற்பியல் லேபுக்காக மேசை மேல் வைக்கிற ஆப்டிகல் ட்வீசர்ஸ் கிட், அதாவது குவித்த லேசர் ஒளியால் நுண்ணிய துகளைப் பிடித்துவைக்கும் கருவி, ஒன்று வாங்கி ஏழு மாதம் ஆகிறது. பாடம் நடத்தத் தாராளமாக வாங்கலாம். உயிருள்ள செல் ஆராய்ச்சிக்கென்றால் வேண்டாம்.

முதல் வாரம் ஒன்றுமே சிக்கவில்லை. அலைன்மென்ட் பார்க்கவே இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், 100 மடங்கு பெரிதாக்கும் லென்ஸுக்கும் மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடிக்கும் (கவர் ஸ்லிப்) நடுவே விடுகிற எண்ணெயில் பொடிக் காற்றுக் குமிழ். மேனுவலில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. துடைத்துவிட்டு, ஒரே சொட்டு வைத்து, மெல்ல நெருக்கினோம்.

திரையில் தண்ணீரில் மிதக்கும் 1 மைக்ரான் பாலிஸ்டைரீன் (பிளாஸ்டிக்) மணிகள் துடித்துக்கொண்டிருந்தன. மாதிரி வைக்கிற ஸ்டேஜைத் திருகி ஒன்றை லேசர் குவியும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். விசுக்கென்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற மணிகளெல்லாம் ஸ்டேஜோடு நகர்ந்து போக, அது மட்டும் நடுங்கியபடி அங்கேயே நின்றது. பின்னால் நின்ற பிள்ளைகள் "மேடம், மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார்கள். லேசரை மறைத்தேன், மணி கழன்று மிதந்து போனது. 1986-ல் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் குழு ஒற்றைக் கற்றையால் துகளைப் பிடித்துக் காட்டியதைப் பத்து வருடமாகக் கரும்பலகையில் வரைந்து வந்தவள் நான். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விசையை அளக்கவும் முடிகிறது. ஸ்டேஜ் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மணி தப்பிவிடும். வினாடிக்கு 100 மைக்ரான் வேகத்தில் தண்ணீரின் இழுவை சுமார் 1 பிக்கோநியூட்டன் (ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). இழுவையைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் சூத்திரத்தை வைத்துப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

செல்லுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இதில் இருப்பது 658 நானோமீட்டர் சிவப்பு லேசர். உயிருள்ள செல்லை நெடுநேரம் பிடித்துவைக்க 1064 நானோமீட்டர் போன்ற அகச்சிவப்புதான் நல்லது. பச்சை லேசரில் பாக்டீரியா செத்துப்போவதைப் பார்த்துத்தான் ஆஷ்கினும் 1987-ல் அகச்சிவப்புக்குப் போனார்.

குறை என்றால், மூன்றாம் மாதமே ஸ்டேஜ் திருகு ஆட ஆரம்பித்தது. மூன்று மெயில் போட்டு, ஐந்து வாரம் காத்திருந்த பிறகுதான் மாற்றுத் திருகு வந்தது. அந்த பேட்ச் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை கிடைக்காமலே போனதில் எனக்கு இன்னும் வருத்தம்.

லேசர் பாதுகாப்புக் கண்ணாடி கிட்டோடு வராது. கட்டாயம் தனியாக வாங்குங்கள். மணிக் கரைசலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி வீணாகிவிடும்.